முதுகு காட்டிய வள்ளம்

நம் வயதினர் அனைவரும் கடலைக் காண்பதற்கு முன்பே கடலைப் பற்றி எழுதியவர்கள். 'கடற்கரையில் ஒரு மாலைப்பொழுது' என்னும் கட்டுரையை மனப்பாடம் செய்யாமல் மேல்வகுப்புக்கு ஏறியவர் நம்முள் யார்? செங்கதிரோன் மேலைக் கடலில் மூழ்குவான், சிறுவர் மணல்வீடு கட்டுவர், சுண்டல் விற்பவன் கூவிக்கொண்டு வருவான், இளந்தென்றல் வீசும், இறுதியில் இயற்கையின் எழிலை வியந்தபடி எல்லோரும் இல்லம் திரும்புவர். ஆசிரியர் கரும்பலகையில் எழுதியதை நாம் ஏட்டில் எழுதினோம். அவரும் கடலைக் கண்டவரல்லர் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

நான் அதை எழுதிய பள்ளி, மாட்டுப்பட்டிக்கு அப்பால், காலை மேகம் வாசலுக்குக் கீழே கிடக்கும் உயரத்தில், ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தது. எழுபதுகளின் நடுப்பகுதி. தகரக் கூரையிட்ட நீண்ட கட்டடத்தைச் சுவர் எழுப்பிப் பிரித்து, பிரிவுக்கு ஒரு குடும்பமாக எங்களைக் குடியமர்த்தியிருந்தார்கள். அதற்கு லயம் என்று பெயர். எங்கள் பிரிவுக்கு அடுத்ததில் சிற்றப்பாவும் சித்தியும் இருந்தனர். இடைச்சுவர் கூரையைத் தொடாது. ஆகவே இருமலும் சிரிப்பும் வெங்காயம் வதங்கும் மணமும் இரு வீட்டுக்கும் பொது.

அங்கிருந்தவர்களின் பூர்விகம் பெரும்பாலும் நெல்லை, மதுரைப் பக்கத்து உள்நாட்டுச் சிற்றூர்கள். சித்தி ஒருத்திதான் கடற்கரையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். திருச்செந்தூருக்குத் தெற்கே எங்கோ ஓர் ஒதுக்குப்புறம் அவள் ஊர். என் கட்டுரையை அவளிடம்தான் உரக்கப் படித்துக் காட்டினேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"சூரியன் கடல்ல விழுந்துச்சா?"

"ஆமா சித்தி. வாத்தியார் எழுதிப் போட்டாரு."

"ஏட்டி, எங்க ஊர்ல சூரியன் கடல்லருந்துதாம்ட்டி எந்திரிக்கும். பனங்காட்டுலதான் போய் விழும். ஒங்க வாத்தியாரு எந்தக் கரையில போய் நின்னாவளாம்?"

"சுண்டல் விப்பாங்களா சித்தி?"

"சுண்டலா! எங்க கரையில போய் வாயத் தொறந்தா காத்து ஒரு பிடி மண்ண அள்ளிப் போடும். அதத் தின்னுட்டு வரவேண்டியதுதான்."

சித்தி கரையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் உலை வழிவதும் அவளுக்குத் தெரியாது. அங்கே துறை இல்லை. கலங்கரை விளக்கம் இல்லை. காற்றுக்கேற்ப இடம்பெயரும் செம்மணல் தேரிகள், இடுப்பளவு மணலில் புதைந்து நிற்கும் பனைகள், பின்பு கரும்பாறைகள், பின்பு கடல். பாறைகளுள் ஒன்றை அலை குடைந்து துளையிட்டிருந்தது. நீர் ஏறும்போது அத்துளை வழியே பீறிட்டுப் பெருங்குரலில் கூவும். அதற்குக் கூவுபாறை என்று பெயர். அதைக் கேட்டு வளர்ந்தவளுக்கு மலையின் அமைதி பொருந்தவில்லை. "இங்க காது அடைச்சுப்போன மாதிரில்லா இருக்கு" என்பாள். மழைக்காலத்தில் தகரக் கூரை முழங்கினால்தான் அவளுக்கு நல்ல உறக்கம் வரும்.

அப்பாறையைச் சார்ந்து ஒரு வழக்கமும் இருந்தது. கடலுக்குச் சென்றவன் திரும்பாமல், உடலும் கரையொதுங்காமல் போனால், அவனுடைய உடன்பிறந்தாள் அப்பாறைமேல் நின்று அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பாறை கூவி ஓய்ந்து அடுத்த அலை வருமுன் உள்ள இடைவெளியில் கூப்பிட வேண்டும். தாய் கூப்பிடலாகாது, மனைவி கூப்பிடலாகாது. கூடப் பிறந்தவளின் குரலைத்தான் கடல் மறிக்காது என்பது அவர்கள் துணிபு. அக்குரலைக் கேட்டால்தான் கரை எப்பக்கம் என்பது அவனுக்கு விளங்குமாம். துடுப்பைக் கீழே வைப்பானாம். கேளாவிட்டால், தான் இறந்ததை அறியாமல் வலித்துக்கொண்டே போவானாம். நாள் ஆக ஆகத் தொலைவு கூடும், குரல் எட்டாது. இதைச் சித்தி கதையாகச் சொல்லவில்லை. ரேஷன் அரிசியில் எவ்வளவு கல் என்று சொல்வதுபோல், கல்லைப் பொறுக்கியபடியே சொன்னாள்.

அவளுக்கு ஒரே தம்பி. பெற்றோர் முன்பே மறைந்துவிட்டனர். அந்தத் தம்பி முந்தைய தை மாதத்தில் ஒருமுறை மலைக்கு வந்திருந்தான். பற்கள் தந்தியடிக்க, உரச் சாக்கைக் கிழித்துத் தோளில் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றவன், பள்ளத்தாக்கை நிறைத்துக் கிடந்த வெண்மேகத்தைக் கண்டு கூச்சலிட்டான். "ஏ யக்கா! கடலு ஒன் வாசப்படி வரைக்கும் ஏறி வந்திருக்கு. நீ என்னத்துக்கு ஊரு ஊருன்னு அழுத?" அவன் கொண்டுவந்த பொருள்களுள் ஒரு வெண்பவளக் கல்லும் இருந்தது, கடல் அரித்துச் சல்லடைக் கண்ணாக்கிய கல். கொழுந்து கிள்ளிக் கறுத்த விரல்களை அதில் தேய்த்தால் கறை நீங்கும். லயத்துப் பெண்கள் குளியலறைத் தொட்டியருகே வரிசையில் நின்று அதைக் கைமாற்றிக்கொள்வார்கள். தேய்ந்து தேய்ந்து நெல்லிக்காய் அளவாகி, பின்பு எந்த மழைநீரோடு போயிற்றோ தெரியவில்லை.

ஆடி மழை விடாத ஒரு முற்பகல். பெண்கள் கொழுந்துக்குச் சென்றிருந்தனர். இரவு முறை வேலை முடித்த தந்தையும் சிற்றப்பாவும் வீட்டில் இருந்தனர். மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்ததால் நான் சன்னலருகே அமர்ந்திருந்தேன். தலையில் கோணிக் கொங்காணி போட்ட ஒருவர் ஓலைப்பெட்டியோடு ஏறி வந்து, உள்ளே வராமல் சவுக்கு மரத்தடியில் நின்றார். தந்தையும் சிற்றப்பாவும் வெளியே சென்றனர். நீண்ட நேரம் பேசினர். சிற்றப்பா சட்டென்று விறகு அடுக்கின் பின்னால் சென்று குந்தியமர்ந்தார். சொற்களைப் பெரும்பாலும் மழை கரைத்துவிட்டது. பல ஆண்டுகள் கழித்துத் தந்தையே அவற்றை எனக்குச் சொன்னார்.

"ஆளு போயிட்டான் மாப்பிள. உடம்பும் ஒதுங்கல. அவளக் கூட்டிட்டுப் போவத்தான் வந்தேன். அவ வந்து கூப்பிடணும். ஊரே காத்துக்கிட்டு இருக்கு" என்றாராம், சித்தியின் ஊரிலிருந்து வந்திருந்த அவர்.

"அவளுக்கு வயித்துல அஞ்சு மாசம்" என்றாராம் சிற்றப்பா.

முடிவு சொன்னவர் என் தந்தை. "போன தடவ ஒண்ணுமில்லாததுக்கே கரு தங்கல. இதச் சொன்னா ரெண்டு உசுரும் போயிரும். பிள்ள பொறக்கட்டும், நாங்களே கூட்டிட்டு வாறோம். இப்ப அவ கண்ணுல படாம மலை எறங்கிருங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"நாளு ஆவ ஆவத் தூரமால்லா போவும் அண்ணாச்சி" என்று மட்டும் அவர் சொன்னாராம். பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு, காப்பியும் குடியாமல், வந்த வழியே மழைக்குள் இறங்கிப் போனார்.

அன்று எனக்குத் தெரிந்தது பெட்டியில் இருந்த கருப்பட்டி மட்டுமே. மாலையில் அம்மா சித்திக்கு ஒரு வட்டு கொடுத்தாள். சந்தையில் வாங்கியது என்றாள். சித்தி ஒரு முனையைக் கடித்தாள், நாக்கில் உருட்டினாள்.

"யக்கா, இது எங்க ஊர்ப்பக்கத்துக் கருப்பட்டில்லா? லேசா உப்புக் கரிக்கு."

"வாய்க்கொமட்டல்ல ஒனக்கு எல்லாம் உப்பாத்தான் தெரியும். பேசாமத் தின்னு."

"இது வந்த பெட்டிய மட்டும் எனக்குத் தாங்க."

"அது நனஞ்சு இத்துப்போச்சு. அடுப்புல போட்டுட்டேன்" என்றாள் அம்மா. அது மெய்தான். ஓலை முடைந்த கைப்பாங்கு அடையாளம் காட்டிவிடும் என்று அஞ்சி, அம்மா அதை மழைக்கால விறகுக்கிடையே எரித்திருந்தாள். ஈர ஓலை எரிந்த புகை அன்று இரு வீட்டிலும் நின்றது. சித்தி மேலும் கேட்கவில்லை. கருப்பட்டியை முழுவதும் தின்னவுமில்லை, முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஒருவாரத்துக்குள் லயம் முழுவதும் செய்தி அறிந்தது. சித்தி தண்ணீர்க் குழாயருகே வந்தால் பேச்சு நின்றது. அவளுக்கு ஒரு குடம் முன்னதாகவே நிரப்பிக் கொடுத்தார்கள். எல்லோரும் தன்னிடம் காட்டிய அந்த இரக்கத்தைச் சூலுக்குரிய மரியாதை என்று அவள் நம்பினாளா? அல்லது நம்புவதுபோல் நடந்துகொண்டாளா? இன்றளவும் என்னால் துணிந்து சொல்ல இயலவில்லை.

ஐப்பசியில் எங்கள் தோட்டத்து முருகன் கோயிலில் சூரசம்காரம் நடக்கும். அவ்வாண்டு தலைக்கங்காணியாருக்கு ஒரு பெருவேட்கை பிறந்தது. கொழுந்து நிறுக்கும் கொட்டகை முன்னால் நின்று, தொந்தியில் கைவைத்து அறிவித்தார்.

"இந்த வருசம் சாமிக்குப் பின்னால கடலு இருக்கணும். திருச்செந்தூர்க் கரையே இங்கன வந்து எறங்கின மாதிரி இருக்கணும். பாக்குதவன் நனஞ்சிரும்னு வேட்டிய மடிச்சுக் கட்டணும்!"

காடாத் துணியைப் பல அகலம் இணைத்துத் தைத்துப் பெருந்திரை ஒன்று ஆயத்தமாயிற்று. தீட்டும் பொறுப்பு எழுத்துக்காரரிடம் வந்தது. தொழிற்சாலையில் தேயிலைப் பெட்டிகளின்மேல் தகட்டச்சு வைத்துக் கறுப்பு மையால் எழுத்துப் பதிப்பவர் அவர். மலையில் பிறந்து மலையை விட்டு இறங்காதவர். நிறுவைக் கொட்டகையின் நீளச் சுவரில் திரையை மாட்டி, புளியங்கொட்டைப் பசை பூசிக் காயவைத்து, அவர் முதல் நாள் தீட்டியதைக் காண நாங்கள் பள்ளி விட்டதும் ஓடினோம். நிறைமாதத்தை நெருங்கிவிட்டதால் வேலைக்குப் போகாத சித்தியும் மூச்சிரைக்க வந்தாள். வந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அண்ணாச்சி, இது கடலா, ஆறாம் நம்பர்க் காடா? கவ்வாத்து வெட்டின தேயிலை மாதிரில்லா வரிசையா நிக்கி! அதுவும் சரிவுல!"

உண்மை. அவருடைய கடல் இடமிருந்து வலமாகச் சரிந்திருந்தது. அலைகள் ஒழுங்கான நிரைகளாக மேடேறிச் சென்றன.

"பெறவு எப்படித்தாம்மா இருக்கும்?"

"சாயாது. கடைசி வரைக்கும் நேரா இருக்கும்."

"எம்புட்டு நேரா?"

"நூல் புடிச்ச மாதிரி."

அவர் அதை உவமையாகக் கொள்ளவில்லை. நூலொன்றைக் காவிநீரில் நனைத்து, ஒரு முனையை என்னிடமும் மறுமுனையை இன்னொரு சிறுமியிடமும் கொடுத்து, நடுவில் சுண்டினார். திரையின் குறுக்கே ஒரு செங்கோடு விழுந்தது. மலையில் வளர்ந்தோர் கண்ணுக்கு வானம் எப்போதும் உடைந்த விளிம்புடையது. எத்திசையில் நோக்கினாலும் ஒரு முடியோ ஒரு சரிவோ பார்வையை நிறுத்தும். எதுவும் தடுக்காத ஒரு நேர்கோடு உலகில் உண்டு என்பதை அன்றுதான் கண்டேன். மகிழ்ச்சி தோன்றவில்லை; அச்சமே தோன்றியது. அக்கோட்டுக்கு அப்பால் போனவர் திரும்பி வருவதற்குப் பிடித்துக்கொள்ள ஒரு புதர்கூட இல்லை என்று எண்ணியது நினைவிருக்கிறது.

பின்வந்த பிற்பகல்களில் சித்தி ஒரு கவிழ்த்த கூடைமேல் அமர்ந்து கடலைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் தீட்டிக்கொண்டே இருந்தார். "நீலம் வேண்டாம் அண்ணாச்சி, கரும்பச்ச. வெயில் மூடும்போது ஈயப் பாத்திரம் மாதிரி ஒரு நெறம் வரும், அது." தலைக்கங்காணியார் நாள்தோறும் வந்து குறை கண்டார்.

"கடல்னா ஒரு தென்னமரமாவது வேண்டாமா? காலண்டர்ல எல்லாம் இருக்கே!"

"காலண்டரு போட்டவன் எங்க ஊருக்கு வரல கங்காணி ஐயா. வந்திருந்தா காலண்டரு காத்துல பறந்திருக்கும்."

"உதிக்கிற சூரியனாவது போடுவே!"

"சூரனக் கொல்லுதது சாயங்காலம்லா? அப்ப சூரியன் எப்படி உதிக்கும்?"

பெண்கள் சிரித்தனர். அவர் முணுமுணுத்தபடி போனார். திரையில் செந்தேரி எழுந்தது. மணலில் புதைந்த பனைகள் எழுந்தன. துளையுள்ள கரும்பாறை எழுந்தது. பாறையை வரைந்த நாளில் சித்தி எழுந்து சென்று அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள். கறுப்பு வண்ணம் ஒட்டிக்கொண்டது. அதைப் பவளக் கல்லில் தேய்க்காமல் அன்று முழுவதும் அப்படியே வைத்திருந்தாள்.

பின்பு ஒரு நாள் அவள் கேட்டாள்: "ஒரு வள்ளம் போடுங்க அண்ணாச்சி. எந்தம்பி வள்ளம். அவன் கரை திரும்புத மாதிரி."

எழுத்துக்காரர் தூரிகையைத் தகரக் குவளையில் கழுவினார், மீண்டும் கழுவினார். மாலையில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து தந்தையை அழைத்தார்.

"அண்ணே, செத்தவன் வள்ளத்த எந்தக் கையால வரைவேன்?"

"வரைஞ்சிரு. பாவம், அவ இப்பத்தான் சிரிச்சுக்கிட்டு இருக்கா. இன்னும் கொஞ்ச நாளு. பிள்ள பொறக்கட்டும்" என்றார் தந்தை.

அவர் வரைந்தார். வண்ணப்பொடி நீரில் கலைந்துவிடும் என்று, பெட்டிகளில் பதிக்கும் எண்ணெய் மையையே எடுத்து, கறுகறுவென்று ஒரு சிறு வள்ளமும் அதில் துடுப்பேந்திய ஓர் ஆளும் வரைந்தார். முகத்தை எப்படி எழுதுவது என்று தயங்கியிருப்பார். தையில் வந்து போனவனை அவர் நினைவில் வைத்திருக்கவில்லை. தெரியாத முகத்தை விடுத்து முதுகை எழுதினார். மலைக்காரராகிய அவர் தம் வாழ்நாளில் கண்ட பயணமெல்லாம், தம் எழுத்துகளைச் சுமந்து வளைவில் மறையும் லாரிகளின் பின்புறந்தான்.

மாலை நிறுவைக்காகப் பெண்கள் கூடைகளோடு திரண்டிருந்த வேளையில் சித்தி வந்தாள். மூடுபனி கொட்டகைக்குள் நுழைந்து, கூடைகளிலிருந்து எழுந்த ஈரக்கொழுந்து மணத்தோடு கலந்து நின்றது. அவள் வள்ளத்தைக் கண்டாள். முகம் மலர்ந்தது. பின்பு தலையைச் சாய்த்துப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினாள்.

"என்ன அண்ணாச்சி, முதுகக் காட்டிக்கிட்டு இருக்கான்? இது போற வள்ளம்லா! வாறவன்னா மூஞ்சி தெரியாண்டாமா? தேயில லாரியப் பாத்துப் பாத்து எல்லாத்தையும் பின்னாலருந்தே வரையுதியளே!"

ஒருவரும் சிரிக்கவில்லை.

வேறொரு நாளாயின் கொட்டகை சிரிப்பில் இடிந்திருக்கும். அன்று, தராசுத் தட்டில் கூடை வைத்த பெண் அதை வைத்தபடியே நின்றாள். எழுத்துக்காரர் மைக்குவளையைத் தரையில் வைத்தார். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். சித்தியின் சிரிப்பு மட்டும் தனியே சிறிது தூரம் சென்று, துணையின்றி நின்றது. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசியில் அம்மாவிடம் வந்தாள்.

"எப்பம்?"

அம்மா அவள் கையைப் பற்றினாள்.

"கருப்பட்டி வந்த அன்னைக்கா?"

அம்மா தலையசைத்தாள்.

"வந்தவுகளுக்கு ஒரு வாய் காப்பி குடுத்தியளா?"

"அவுகதான் குடிக்கல தாயீ" என்று அம்மா கதறினாள். அவளைத் தொடர்ந்து கொட்டகை முழுவதும் கதறிற்று. மூன்று மாதமாக அடக்கிவைத்த அழுகை. தம்பியை முன்பின் கண்டிராத பெண்களெல்லாம் மார்பில் அறைந்துகொண்டு அழுதார்கள். அழாதவள் சித்தி ஒருத்திதான்.

எழுத்துக்காரர் கைகூப்பி வந்தார். "மாத்தி வரைஞ்சிருதேன் தாயீ. மூஞ்சி வச்சு, கரையப் பாத்தாப்பில வரைஞ்சிருதேன்."

"வேண்டாம்" என்றாள். "சரியாத்தான் வரைஞ்சிருக்கிய."

மறுநாள் முதல் அவள் கேட்டது ஒன்றே: என்னை ஊருக்குக் கூட்டிப் போங்கள். சிற்றப்பா முகத்தை மூடிக்கொண்டார். ஐப்பசி மழை பிடித்துவிட்டது. போடிக்கு இறங்கும் சாலையில் மண் சரிந்து கிடந்தது. தோட்டத்து மருத்துவமனைத் தாதி, வண்டி குலுங்கினால் வழியிலேயே பிள்ளை பிறக்கும் என்றாள். ஆடியில் சாலை இருந்தது, உடலில் வலு இருந்தது, தொலைவும் குறைவு. தந்தை அப்போதும் தம் முடிவை நொந்துகொள்ளவில்லை. "ரெண்டு உசுருல ஒண்ணுக்காவது நாமதானே பொறுப்பு" என்று அடுப்படியில் அம்மாவிடம் வாதிட்டுக்கொண்டிருந்தார். இடைச்சுவர் கூரையைத் தொடாதது என்பதை அவர் மறந்துவிட்டார். சுவரின் அப்பக்கம் கண்ணாடி வளையல் ஒன்று அசைந்து, நின்றது.

தலைக்கங்காணியார் வந்து, சாமி நிற்கும் இடத்தில் இழவு விழுந்த துட்டிவீட்டு வள்ளம் ஆகாது என்று கண்டித்துச் சொன்னார். எழுத்துக்காரர் சலவை நீலத்தையும் பச்சைப் பொடியையும் குழைத்து வள்ளத்தை மூடினார். மூடிய இடம் சுற்றியுள்ள நீரைவிடச் சற்று ஆழமாகத் தெரிந்தது. அவ்வளவுதான்.

சம்காரத்தன்று மழை ஓய்ந்திருந்தது. பந்தடிக்கும் திடலில் திரையைக் கட்டியிருந்தார்கள். மூடுபனி திரைக்குப் பின்னிருந்து எழுந்து முன்னால் வழிந்தபோது, தலைக்கங்காணியார் வேண்டியபடியே கடல் இறங்கி வந்ததுபோல் இருந்தது. சித்தி என் தோளைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் முன்வரிசையில் நின்றாள். யாரும் தடுக்கவில்லை. யானைத்தலை வீழ்ந்தது, சிங்கத்தலை வீழ்ந்தது, ஒவ்வொரு தலைக்கும் கூட்டம் அரோகரா என்று அலறிற்று. சூரனின் சொந்தத் தலை வீழ்ந்தபோது எழுந்த முழக்கம் எதிர்மலையில் மோதித் திரும்பியது. பின்பு ஓய்ந்தது. மேளக்காரர்கள் அடுத்த அடிக்குக் கோலை உயர்த்தியிருந்தனர். என் தோளில் அவள் விரல்கள் இறுகின. அப்போதுதான், நாங்கள் அத்தனைபேரும் அவளுக்குக் கூவுபாறையாக இருந்திருக்கிறோம் என்பதும், அவள் அந்த இடைவெளிக்காகக் காத்திருந்தாள் என்பதும் எனக்குப் புரிந்தன.

அவள் தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

உரத்த குரலன்று. வயலுக்குப் போன பையனைச் சோறுண்ண அழைக்கும் குரல். திரையிலிருந்த அந்த ஆழ்நீலத்தை நோக்கி அது சென்றது. சூரன் வேடமிட்டவன் வெட்டுண்ட தலையைக் கையில் ஏந்தியவாறு நின்றான். மேளக்கோல்கள் உயர்ந்தபடியே இருந்தன. பின்பு எங்கோ பின்வரிசையில் ஒரு குழந்தை அழ, மேளம் விழுந்தது, விழா தொடர்ந்தது.

கார்த்திகையில் சித்திக்குப் பெண்குழந்தை பிறந்தது, குறையொன்றுமின்றி. தந்தை தம் இறுதிநாள் வரை அக்குழந்தையைச் சுட்டி, "அன்னைக்கு நான் சொன்னதக் கேட்டதனாலதானே இது இருக்கு" என்பார். அது தவறு என்று நிறுவ யாரால் இயலும்? சரி என்று நிறுவவும் யாராலும் இயலாது. மறைத்தவர்களுள் ஒருவர்கூடத் தீயவரல்லர். அதுதான் அந்நாள்களை நினைக்கும்போது நெஞ்சை இன்னும் கனக்கச் செய்கிறது. வெறுப்பதற்கு ஒருவர் கிடைத்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

கல்லூரியில் ஐந்திணை பயின்றபோது, நெய்தலுக்கு உரியது இரங்கல் என்று எழுதி மதிப்பெண் பெற்றேன். கடலும் கடல்சார்ந்த நிலமும் ஏன் இரங்கலுக்கு உரியனவாயின, ஏன் மலைக்கு வேறொன்று வாய்த்தது என்று உடன்பயின்றோர் வினவியபோது, நூல் சுண்டிய கொட்டகையும் அந்தச் செங்கோடுமே என் கண்முன் நின்றன. மலையில் பிரிந்து செல்பவர் ஒரு வளைவில் மறைந்துவிடுவார்; பார்த்துநிற்பவர் வீடு திரும்பலாம். கடலில் மறையும் இடம் அவ்வாறு கண்ணுக்குத் திட்டமாகத் தெரிவதில்லை. கரையில் நிற்பவர் பார்த்துக்கொண்டே இருக்க நேர்கிறது. பாட்டும் ஓவியமும் வழிபாடும் அந்தப் பார்வையிலிருந்து தோன்றியிருக்கக்கூடும். முரட்டுக் கரைகளில் அவை மிகுதியாகத் தோன்றுவதும் அதனால்தான் போலும்.

நடுவயதில் ஒருமுறை அச்சிற்றூருக்குத் தனியே சென்றேன். தேரி இருந்தது, பனைகள் குறைந்திருந்தன, பாறை கூவிக்கொண்டிருந்தது. எழுத்துக்காரர் அதைச் சற்றே பெரிதாக வரைந்துவிட்டிருந்தார். அலை ஓய்ந்த இடைவெளிகள் ஒவ்வொன்றாக வந்து போயின. அவற்றுள் ஒன்றிலும் நான் வாய் திறக்கவில்லை. கூப்பிடும் உரிமை எனக்கு இல்லை. உரிமையுடையவள் அக்கரைக்கு ஒருபோதும் திரும்பவில்லை. முதலில் குழந்தைக்கு நெஞ்சில் சளி. அடுத்துச் சிற்றப்பாவுக்குக் கை முறிவு. பின்பு மறுபடியும் மழை. பின்பு, கேட்பதையே அவள் நிறுத்திவிட்டாள். எல்லாவற்றையும் மலையிலேயே முடித்துக்கொண்டாள்.

அவள் கேட்பதை நிறுத்திய காலை எனக்கு நினைவிருக்கிறது. மறு ஐப்பசி. கோயில் சாய்ப்பில் ஓராண்டு சுருண்டு கிடந்த திரையை நிறுவைக் கொட்டகையில் விரித்தார்கள். பூஞ்சையும் எலிப்புழுக்கையும் நாறின. மலையின் ஈரம் வண்ணப்பொடியை அங்கங்கே உரித்திருந்தது. எண்ணெய் மையின்மேல் பூசிய நீலம் பற்றாமல் செதிள் செதிளாக உதிர்ந்து போயிருந்தது. வள்ளம் கறுகறுவென்று மேலே வந்திருந்தது. முதுகும் துடுப்பும் முன்பிருந்தபடியே.

எழுத்துக்காரர் பதறிப்போய் நீலத்தைக் குழைக்கத் தொடங்கினார். கொழுந்துக் கூடையும் இடுப்பில் குழந்தையுமாக அவ்வழி வந்த சித்தியை அவர் காணவில்லை. அவள் திரையருகே சென்றாள். குழந்தை அவள் கழுத்துமணியைச் சப்பிக்கொண்டிருந்தது. அவள் அந்த முதுகைப் பார்த்திருந்தாள்.

"மூடிருதேன் தாயீ. இந்தத் தடவ ரெண்டு பூச்சாப் பூசிருதேன்" என்றார், அப்போதுதான் அவளைக் கண்ட அவர்.

"பூசுங்க அண்ணாச்சி" என்றாள். "நான் கூப்பிட்டது எட்டல. இன்னும் வலிச்சுக்கிட்டுத்தான் போறான்."

தொழிற்சாலைச் சங்கு ஊதியது. குழந்தையைப் பிள்ளைக் காப்பகத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, கூடையின் கயிற்றை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, அவள் மற்றப் பெண்களின் பின்னால் மூடுபனிக்குள் ஏறிப் போனாள்.